பவளத்துக்கு ஒரு டப்பா மருந்து

அவிநாசி
10 பிப்ரவரி 2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

அண்ணன் ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. இங்கே பனி விட்டுவிட்டது, உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் கவினும் எப்படி இருக்கிறீர்கள்? இன்னும் இரவு ஷிப்ட்தான் போடுகிறார்களா உன் ஆஸ்பத்திரியில்?

போனில் பேசலாமே என்பாய். இருபத்திரண்டு வருஷம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்ற காதுக்கு உன் குரல் விசில் சத்தமாகத்தான் வருகிறது. போன தடவை நீ கவினுக்குக் காய்ச்சல் என்றாய், நான் ரொம்ப சந்தோஷம் என்றேனாம். அதனால் இனி இப்படி இமெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது.

விஷயம் பவளத்தைப் பற்றி. அக்ஷராவுக்காக மூன்று வருஷம் முன்பு அந்தியூர்ச் சந்தையில் வாங்கினோமே, அந்தச் செம்பட்டைக் குதிரை. போன மாதம் ஒரு நாள் காலையில் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டு நின்றது. பத்தடி தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதுவரைக்கும்கூட வரவில்லை. குளம்பைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு. டாக்டர் நித்யஸ்ரீ வந்து பார்த்து, லாமினைட்டிஸ் என்றார். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற சதை வீங்கிவிடுகிறதாம். ஊசி போட்டுப் பத்து நாளில் சரியாயிற்று. ஆனால் ஒருமுறை வந்த குதிரைக்குத் திரும்பத் திரும்ப வருமாம். டாக்டரம்மா இன்னும் சில விஷயங்கள் சொன்னார். எல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான்.

காங்கயம் ரோட்டில் எட்டுக் குதிரை வைத்திருக்கும் ஒரு மில்காரர்தான் வழி சொன்னார். வராமல் தடுக்க உங்கள் பக்கத்தில் ஒரு பவுடர் விற்கிறதாம். தினமும் தீவனத்தில் ஒரு கரண்டி. இங்கே கிடைப்பதில்லை. டாக்டர் சீட்டையும் பவுடர் பெயரையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எப்படியாவது அந்த மருந்தை வாங்கி அனுப்பு கண்ணு.

உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி


அயர்லாந்து
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். கவினுக்குக் காய்ச்சல் போய் இருமல் மட்டும் மிச்சம். நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

இங்கே குதிரைச் சாமான்கள் விற்கவே தனியாக ஒரு கடை இருக்கிறது. சனிக்கிழமை போனேன். கடைக்காரம்மா டப்பாவை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு பரீட்சையே வைத்துவிட்டார். குதிரை குண்டா? என்ன தின்கிறது? இனிப்பு உண்டா? பச்சைப் புல் எவ்வளவு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உடனே பதில் போடுங்கள்.

அண்ணி எப்படி இருக்கிறார்கள்? பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துக்குக்கூடப் பதில் இல்லை. ஜோதிகா அண்ணிக்கு என்மேல் ஏதாவது கோபமா? அக்ஷரா ப்ளஸ் ஒன் எப்படிப் படிக்கிறாள்?

அன்புடன்,
தமிழ்மதி


அவிநாசி
24 பிப்ரவரி 2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கவினுக்குச் சுக்குத் தண்ணீர் கொடு.

தீவனம்: சோளத்தட்டு, கொள்ளு, கொஞ்சம் பச்சை. குண்டு என்று சொல்ல முடியாது, நல்ல வாட்டசாட்டம். கடைக்காரம்மாவிடம் அப்படியே சொல்லிவிடு. குதிரையைப் பார்க்காதவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் சித்திரை வந்துவிடும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அக்ஷரா வந்து பவளத்தின் மேல் ஏறி, தோட்டத்தை நாலு சுற்றுச் சுற்றினாள். அவள் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். அந்தக் கால் மறுபடி மடங்கக் கூடாது மதி. சீக்கிரம் அனுப்பு.

ஈஸ்வரமூர்த்தி


அயர்லாந்து
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடல்நலம் எப்படி? எனக்கு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, இடுப்பு வலி. மற்றபடி ஒன்றுமில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி பார்சலை அனுப்பினேன். ஒன்பதாம் தேதி இந்தியா போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற ஒரே வரியைத்தான் தினமும் பார்க்கிறேன். கூரியர்காரர்களுக்குப் போன் செய்தால் பாட்டு போடுகிறார்கள். நாற்பது நிமிஷம் அந்தப் பாட்டைக் கேட்டபிறகு ஒருவர் வந்து, கால்நடை மருந்து இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், பெறுபவர் நேரில் போய்க் காட்ட வேண்டும் என்றார். ஒரு டப்பா பவுடருக்கு உரிமமாம்!

உங்களுக்குச் சிரமம்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள் அண்ணா. கூட அண்ணியை அழைத்துப் போங்கள், அவர்கள் பேசிக்கொள்வார்கள். அண்ணியின் சுகத்தைப் பற்றிப் போன கடிதத்தில் நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அன்புடன்,
தமிழ்மதி


அவிநாசி
2 ஏப்ரல் 2025

தமிழ்மதிக்கு,

சுகம்.

மூன்று தடவை கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போய் வந்துவிட்டேன். முதல் நாள் ஆதார் கார்டு ஜெராக்ஸ் போதாது என்றார்கள். இரண்டாம் நாள் டாக்டர் கடிதம் கேட்டார்கள். மூன்றாம் நாள் அதையும் கொண்டுபோனேன். கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே இருந்த பையன் வாயை அசைக்கிறான். எனக்கு ஒரு எழுத்து விழவில்லை. "எழுதிக் குடுங்க தம்பி, காது கேக்காதுங்க" என்றேன். அவன் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான். பின்னால் நின்றவர் என் காதில் கத்தினார்: "அது அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டாங்களாமுங்க!"

என்றைக்கு? நான் முதல் தடவை போனதற்கு மறுநாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ ஏன் படிவத்தில் மருந்து என்று எழுதினாய்? மில்காரர் தீவனச் சத்து என்று போட்டுத்தான் வரவழைக்கிறாராம். அவ்வளவு தூரம் படித்தவள், ஒரு வார்த்தையைக் கேட்டு எழுதியிருக்கக் கூடாதா? இப்போது வெயில் ஏறுகிறது. பவளம் இடது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது.

ஈஸ்வரமூர்த்தி


அயர்லாந்து
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளை சித்திரை முதல் நாள். உங்கள் எல்லோருக்கும் வாழ்த்து.

மருந்துக்கு மருந்து என்றுதான் எழுத முடியும், அண்ணா. நீங்களும் எனக்கு அப்படித்தானே எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். அன்று சாப்பிடவில்லை. அதை விடுங்கள்.

பார்சல் திரும்பி வந்தது. பெட்டி பிரித்து ஒட்டியிருக்கிறது, டப்பா உடையவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு மலையாள நர்ஸ் அடுத்த வாரம் கொச்சிக்குப் போகிறாள். அவள் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். அவள் வீட்டிலிருந்து உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள்.

டப்பாவின் பின்பக்கத்தை நேற்றுதான் நிதானமாகப் படித்தேன். முதல் வரியிலேயே, தீவனத்தைக் கட்டுப்படுத்தாமல் இதை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று போட்டிருக்கிறது. டாக்டர் அன்றைக்குச் சொன்ன 'வழக்கமான விஷயங்கள்' என்னென்ன? அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அக்ஷரா ஞாயிற்றுக்கிழமை 'வந்து' குதிரை ஏறினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த வீட்டில் இருக்கிற பிள்ளையை யாரும் வந்தாள் என்று எழுத மாட்டார்கள். மீதி ஆறு நாள் அவள் எங்கே இருக்கிறாள்?

அன்புடன்,
தமிழ்மதி


அவிநாசி
19 மே 2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆர்டர் நேரம்.

மருந்து வந்து சேரவில்லை. உன் சிநேகிதி அவள் ஊரில் வைத்துவிட்டுக் கல்யாண வேலையில் மறந்துவிட்டாளாம். அவளுடைய தம்பி ஜிம்முக்குப் போகிறவன். டப்பாவில் குதிரைப் படத்தைப் பார்த்ததும் உடம்பு ஏற்றுகிற பவுடர் என்று நினைத்து, மூன்று வாரமாகப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறான். அடியில் இருந்ததைப் பாலித்தீன் பையில் கட்டி, மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பத்துக் கரண்டிகூட இருக்காது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

பவளத்தின் குளம்பு மறுபடி சூடாக இருக்கிறது. இன்னொரு டப்பா அனுப்ப முடியுமா?

ஈஸ்வரமூர்த்தி


அயர்லாந்து
25 மே 2025

அண்ணா,

நாங்கள் நலம். அந்தத் தம்பியும் நலமாம், விசாரித்துவிட்டேன்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் நீங்கள் முதல் கடிதத்தோடு அனுப்பிய சீட்டில் இருந்த நம்பருக்கு நானே பேசினேன். டாக்டர் நித்யஸ்ரீ நல்ல பெண். என்ன சொன்னாள் தெரியுமா?

"பவுடர் வேண்டாம்னு நான் சொல்லலீங்க அக்கா. ஜனவரியிலயே நாலு விஷயம் சொன்னேனுங்க. வெல்லம், பன் எதுவும் வாயில வெக்கக் கூடாது. பச்சை மக்காச்சோளத்தை நிறுத்தோணும். எடையைக் குறைக்கோணும். கால் ஆறுற வரைக்கும் மேல யாரும் ஏறக் கூடாது. இந்த நாலும் செஞ்சா பவுடரே தேவைப்படாதுன்னேன். அண்ணன் தலையை ஆட்டுனாருங்க. அடுத்த தடவை போறேன், குதிரை வாயில தேங்காய் பன் வாசம் அடிக்குது."

நான் மூன்று மாதமாகக் கடை, கூரியர், போன் என்று அலைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் பன் ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இனிப்பே பிடிக்காது, நீங்கள் பேக்கரிப் பக்கம் போகிற ஆளும் இல்லை. யார் வாங்கி வருகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஏன் தடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

அண்ணி எங்கே? எனக்குப் பதில் வேண்டும். வரும்வரை மருந்து வாங்கப் போவதில்லை.

தமிழ்மதி


அவிநாசி
22 ஜூன் 2025

அன்புள்ள மதிக்கு,

நீ கோபமாக இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்பு வலி என்று எழுதியிருந்தாய், நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறது?

ஜோதிகா போன வருஷம் ஜூனிலேயே போய்விட்டாள். நீ விடுமுறைக்கு வந்து திரும்பிய மறு வாரம். கொமரலிங்கத்தில் அவள் அப்பா ஊட்டில் இருக்கிறாள். அக்ஷராவுக்கு உடுமலையில் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பஸ் மாறி இங்கே வருவாள். என்னைப் பார்க்க இல்லை, பவளத்தைப் பார்க்க.

அதற்கு முந்தின மாதம் ஜோதிகாவுக்கு மார்பில் ஒரு கட்டி மாதிரி தெரிந்திருக்கிறது. கோயமுத்தூருக்குப் போய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், கூட வாருங்கள் என்று என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை நிஜமாகவே காதில் விழவில்லை. மூன்றாவது தடவை விழுந்தது மதி. அன்று டெலிவரி, லாரி வாசலில் நின்றது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவள் தனியாகப் போய், தனியாக ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். நல்லவேளை, ஒன்றுமில்லை என்று வந்தது. ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "உங்களுக்குக் காது கேக்காததுனால நான் போகலீங்க. கேக்கற அன்னிக்கும் கேக்காத மாதிரியே உக்காந்திருக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் போறேன்."

உனக்கு எப்படி எழுதுவேன் இதை?

அக்ஷரா அவிநாசியில் பஸ் இறங்கியதும் பேக்கரியில் ஆறு தேங்காய் பன் வாங்குவாள். பவளம் அவள் கையிலிருந்து தின்னும்போது என் பக்கம் திரும்பி, "பாருங்கப்பா, விரலைக் கடிக்காமத் திங்குது" என்பாள். வாரத்தில் அவள் என்னோடு பேசுவது அந்த ஒரு வாக்கியம். பன் கொடுக்காதே, மேலே ஏறாதே என்று சொன்னால் அடுத்த ஞாயிறு எதற்கு வருவாள்? அதனால்தான் பவுடர். ஒரு கரண்டி போட்டால் அவளும் ஊட்டலாம், குதிரையும் நிற்கும், நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஜூன் ஏழாம் தேதி பவளம் படுத்துவிட்டது. ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி வந்து உடைத்து, வேலாத்தாளும் நானும் பகல் முழுக்கக் குளம்புக்குக் கட்டினோம். வேலாத்தாள்தான் சாணி வழிக்க வருகிறவள். லாடம் கட்டுகிற சந்தனம், சிவகாசிப் பக்கத்து ஆள், காலைப் பிடித்துப் பார்த்தார். உளியைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டார். "அண்ணாச்சி, இந்தக் காலுக்கு லாடம் என்னத்துக்கு? வாய்க்குள்ள போடுறதை நிறுத்துங்க மொதல்ல. வாயில்லா சீவன். வேணாம்னு அது சொல்லுமா?"

மறுநாள் ஞாயிறு. அக்ஷரா பன் பையோடு வந்தாள். படுத்திருக்கிற குதிரையைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே ஒரு பன்னைப் பிய்த்து வாயருகே வைத்தாள். அது படுத்தபடியே தின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இதுதான் உன் இரண்டு கேள்விக்கும் பதில்.

ஈஸ்வரமூர்த்தி


அயர்லாந்து
24 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இடுப்பு வலி தேவலை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. கட்டி என்று தெரிந்தபோது அண்ணி எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறவள் நான். சொல்லவில்லை. இந்த வீட்டில் யாரிடம் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பார்கள்.

கடைக்காரம்மாவிடம் கேட்டு, முறையாக உரிமம் வைத்திருக்கிற ஒரு பெங்களூர் இறக்குமதிக்காரரைக் கண்டுபிடித்து ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் வரும். இதை முதலிலேயே செய்திருக்கலாம், எனக்கும் அவசரம்தான். ஆனால் அந்த டப்பா வந்து உங்களுக்குப் பதிலாக அக்ஷராவிடம் பேசப் போவதில்லை. வருகிற ஞாயிறு நீங்கள் சொல்லுங்கள். அவள் கத்தினால் கத்தட்டும்.

அன்புடன்,
தமிழ்மதி


அவிநாசி
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதிக்கு,

ஆடி மழை இரண்டு நாள் பெய்தது. உடம்பு சுகம். கவினுக்கு லீவு முடிந்துவிட்டதா?

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி சொன்னேன். பஸ் நிறுத்தத்துக்கே போய் நின்றுகொண்டேன், பேக்கரிக்குள் அவள் நுழைவதற்கு முன்னால். டாக்டர் சொன்ன நான்கையும் வரிசையாகச் சொன்னேன். அக்ஷரா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"டாக்டர் எப்பங்கப்பா சொன்னாங்க?"

"ஜனவரியில கண்ணு."

"ஜனவரியிலயா? அப்ப இத்தனை நாளா நான் ஊட்டுனதைப் பார்த்துட்டு நின்னீங்களா? நான்தான் அதைப் படுக்க வெச்சேனா? எங்கிட்டச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்கப்பா?"

கத்தினாள். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது. குதிரையைப் பார்க்காமலே எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அடுத்த நான்கு ஞாயிறு வரவில்லை.

ஜூலை இருபத்திரண்டில் உன் மருந்து வந்து சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்து, ஓரம் நசுங்காமல், முத்திரையோடு. திறந்தால் வெந்தய வாசம். சோளத்தட்டை நனைத்து அதில் ஒரு கரண்டி தூவி வைத்தேன். பவளம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. இதற்கா இவ்வளவு என்று இருந்தது. அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தோம். குளம்புக்குள் எலும்பு லேசாகக் கீழே இறங்கியிருக்கிறது. இனி மேலே யாரும் ஏற முடியாது. ஆனால் தீவனம் ஒழுங்காக இருந்தால், குளம்பை மாதம் ஒருமுறை சீவிவிட்டால், நடந்து திரிந்துகொண்டு நெடுநாள் இருக்கும் என்றார் நித்யஸ்ரீ. இப்போது மணலில் நாற்பது ஐம்பது அடி நடக்கிறது. தொட்டிவரை தானே வருகிறது.

இதை அக்ஷராவிடம் யார் சொல்வது? வாட்ஸப்பில் அடித்து அடித்து அழித்தேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, நிட்டிங் யூனிட்டை மூடிவிட்டு நானே கொமரலிங்கம் போனேன்.

ஜோதிகா வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. அக்ஷரா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏற முடியாட்டிப் பரவாயில்லீங்கப்பா, நடக்குதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜோதிகா பேசினாள். ஒரு மணி நேரம் இருக்கும். கட்டியில் ஆரம்பித்து அதற்கு முந்தைய பதினேழு வருஷத்துக்கும் போய் வந்தாள். சில இடத்தில் எனக்கும் சொல்ல ஏதோ இருந்தது. சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழாத இடத்தில் "என்ன சொன்ன?" என்று மறுபடி கேட்டேன். முதல் தடவை கேட்டபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்தாள். பிறகு திரும்பச் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டிப் பாதைவரை வந்தவள், "டாக்டர் அடுத்து எப்ப வர்றாங்க?" என்றாள்.

"பதினாறாம் தேதி, சனிக்கிழமை."

"அன்னிக்கு அக்ஷராவக் கூட்டிட்டு நானும் வர்றேனுங்க. டாக்டர் சொல்றதை நானே நேர்ல கேட்டுக்கறேன். உங்க காது வழியா வந்தா எதுவும் முழுசா வந்து சேர்றதில்லீங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும் மதி, உண்மைதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி